உள்ளே எத்தனை பேர்?

இருக்கன்குடி வட்டாரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் ஜனங்கள் முதலில் வானத்தைப் பார்க்கிறார்கள். புகை சாத்தூர்ப் பக்கம் எழும்புகிறதா, வெம்பக்கோட்டைப் பக்கம் எழும்புகிறதா என்று பார்த்த பிறகு அடுத்த கேள்வி: "எந்த ஆபீஸ்?" காலையில் வேன் ஏறிப் போன மகள் எந்தப் பட்டாசு ஆபீஸுக்குப் போனாள் என்று நினைத்துக்கொண்டே தாய்மார்கள் ரோட்டுக்கு ஓடுகிறார்கள். களையெடுக்கும் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். போய்ச் சேர்ந்தால் வாசலில் போலீஸ் கயிறு கட்டியிருக்கிறது. ஒரு ஆம்புலன்ஸ் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று என்கிறார்கள். இன்னொன்று சிவகாசிக்கு என்கிறார்கள். பலத்த தீக்காயம் என்றால் மதுரைக்கு என்கிறார்கள். மூன்று ஊருக்கும் ஒரு தாய் எப்படி ஓடுவாள்?

அந்த வாசலில் நிற்கும் அத்தனை பேரும் கேட்பது ஒரே கேள்விதான்: "உள்ளே எத்தனை பேர்? யார் யார்?"

இந்தச் சாதாரணக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இருப்பதில்லை. முதலாளி இல்லை. போர்மேனைக் காணோம். ஆபீஸர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஏன் பதில் இல்லை என்பதைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. நிலக்கரிச் சுரங்கங்களின் வாயிலிலும் தொழிலாளர் குடும்பங்கள் இதையே கேட்டுக்கொண்டு நாட்கணக்கில் காத்துக் கிடந்திருக்கின்றன. அவர்கள் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால் நம்முடைய பாட்டுக்குக் காரணம் எது என்பதும் விளங்கும்.

சாஸ்நாலாவில் நடந்தது

1975 டிசம்பர் 27. அப்போது பீகாரிலும் இப்போது ஜார்கண்டிலும் உள்ள தன்பாத் ஜில்லாவின் சாஸ்நாலா சுரங்கத்தில் பகல் வேளையில் தண்ணீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. கைவிடப்பட்ட பழைய வெட்டுக்குழியில் தேங்கி நின்ற தண்ணீர் அது. நீர் தேங்கிய பழைய குழிக்கு 60 மீட்டருக்குள் வெட்டுவதானால் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 1957ஆம் வருஷத்து நிலக்கரிச் சுரங்க விதிகள் சொல்லியிருந்தன. விதி காகிதத்தில் இருந்தது. தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டிய கரிச்சுவர் நிற்கவில்லை.

குடும்பங்கள் சுரங்க வாயிலில் வந்து நின்றன. டிசம்பர் மாதக் குளிரில், கைக்குழந்தைகளோடு நின்றன. சோவியத் நாட்டிலிருந்தும் போலந்திலிருந்தும்கூடப் பெரிய பம்புகள் வரவழைக்கப்பட்டன. முதல் உடல் மேலே வர 26 நாட்கள் ஆயின.

மாண்டவர்கள் எத்தனை பேர்? சர்க்கார் கணக்கு 375. அங்கிருந்த தொழிற்சங்கத்தார் 700 வரை சொன்னார்கள். இத்தனை வருஷம் கழித்தும் இரண்டு கணக்கும் ஒன்று சேரவில்லை. ஒரு சுரங்கத்துக்குள் எத்தனை மனிதர்கள் இறங்கினார்கள் என்பதில் இவ்வளவு பெரிய சந்தேகம் எப்படி வரும்? அது அவசரநிலைக் காலம். வாய் திறந்து கேட்கவும் வழியில்லை. வழக்கோ 2012 வரை இழுத்தது. முடிவில் இரண்டு அதிகாரிகளுக்கு ஒரு வருஷச் சிறை என்று தீர்ப்பு வந்தது. அப்பனைப் பறிகொடுத்த குழந்தைகளுக்கு அதற்குள் நடு வயது கடந்துவிட்டது.

அந்தச் சுரங்கம் தனி முதலாளியின் பிடியில் இருந்ததல்ல, சர்க்கார் நிர்வாகத்தில் இருந்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. பெயர்ப் பலகை மாறினால் மட்டும் போதாது. தொழிலாளி உயிருக்குக் கணக்குக் கேட்கும் சங்கம் உள்ளே இருக்க வேண்டும்.

40 என்றார்கள், 41 ஆயிற்று

அது பழைய கதை என்று சிலர் சொல்லக்கூடும். புதிய கதையையும் பார்ப்போம்.

2018 டிசம்பர் 13ஆம் தேதி மேகாலயாவின் கிழக்கு ஜெயந்தியா மலையில் சான் என்ற ஊரின் எலிவளைச் சுரங்கத்தில் ஆற்றுத் தண்ணீர் புகுந்தது. ஆள் தவழ்ந்து போகுமளவே குடையும் இப்படிப்பட்ட சுரங்கங்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2014லேயே தடை விதித்திருந்தது. தடை செய்த சுரங்கத்தில் ஏட்டை யார் வைப்பார்? உள்ளே 13 பேர் என்று முதலில் செய்தி வந்தது. பிறகு 15 என்றார்கள். சக்தி வாய்ந்த பம்புகள் வந்து சேர்வதற்குள் இரண்டு வாரம் ஓடிப் போயிற்று. கடைசியில் இரண்டு உடல்களே மேலே வந்தன.

2023 நவம்பர் 12ஆம் தேதி உத்தரகாண்டில் சில்க்யாரா மலைப்பாதைச் சுரங்கம் இடிந்தது. இது தடை செய்த வேலையல்ல. தேசிய நெடுஞ்சாலை வேலை. நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கேயே முதலில் 40 பேர் என்றார்கள். பல நாள் கழித்துத்தான் 41 என்று திருத்தினார்கள். அந்த ஒருவருடைய தாய் தகப்பனுக்கு அத்தனை நாளும் அவர் கணக்கிலேயே இல்லை. 17ஆம் நாள் 41 பேரும் உயிரோடு வந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. பெரிய யந்திரம் உடைந்து நின்ற இடத்தில் கடைசிச் சில மீட்டரைக் கையால் குடைந்து வழி திறந்தவர்கள் எலிவளைத் தொழிலாளிகள்தான் என்பதை உழைப்பாளி மக்கள் மறக்க மாட்டார்கள்.

2025 ஜனவரி 6ஆம் தேதி அஸ்ஸாமின் உம்ராங்சோவில் மறுபடியும் ஒரு எலிவளைச் சுரங்கத்தில் தண்ணீர். 9 பேர். கடைசி உடல்கள் கிடைக்கப் பிப்ரவரி மாதம் ஆயிற்று.

கணக்கும் இடமும் சரியாகத் தெரிந்தால் என்ன ஆகும்? 1989 நவம்பரில் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஆறு பேர் மாண்டனர். ஆனால் உள்ளே சிக்கியவர்கள் இருந்த இடத்துக்கு நேர் மேலே துளை போட்டு, ஓர் இரும்புக் கூண்டை இறக்கி, 65 பேரை ஒருவர் பின் ஒருவராக உயிரோடு தூக்கினார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் தாமே கூண்டில் இறங்கி நின்று அந்தக் காரியத்தைச் செய்தார். 2010இல் சிலி நாட்டில் சிக்கிய 33 சுரங்கத் தொழிலாளிகளும் 69 நாள் கழித்து மேலே வந்தனர். 17ஆம் நாள் துளைக்கருவியோடு மேலே வந்த ஒரு துண்டுக் காகிதம், 33 பேரும் உயிரோடிருப்பதைச் சொல்லிற்று. எத்தனை பேருக்காகத் தோண்டுகிறோம் என்று தெரிந்து தோண்டினார்கள்.

நம் ஜில்லாவில்

இனி நம் ஊருக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். ஆலையின் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையிலும் வேலை நடந்தது அப்போது வெளிவந்தது. மாண்டவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்ல. சத்தம் கேட்டுக் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடி வந்த சுற்று வட்டாரத்து ஜனங்கள். உள்ளே ஆள் மிச்சம் இருக்கிறதா இல்லையா என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியாயினர். லைசென்ஸ் ஒருவர் பெயரில், வேலை நடத்தியவர்கள் பலர் என்ற உள்குத்தகை அங்கே அம்பலமாயிற்று. 2025 ஜூலை 1ஆம் தேதி சாத்தூரை அடுத்த சின்னக்காமன்பட்டியில் மறுபடியும் அதே புகை, அதே ஓட்டம், அதே காத்திருப்பு.

மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது அதே அறையில் எத்தனை பேர், மரத்தடியில் எத்தனை பேர் என்பது அங்கே வேலை செய்யும் நம் சகோதரிகளுக்குத் தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அறைக்கு 8 பேரை வைத்தவன் 8 பெயரை எழுதி வைப்பானா? உள்குத்தகைக்கு விட்டவன் யாருடைய ஆள் யார் என்று எழுதுவானா? பெயரை எழுதினால் பி.எப். கட்ட வேண்டும், ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டும், போனஸ் கொடுக்க வேண்டும். ஆகவே பட்டியல் தீயில் எரிந்து போகவில்லை. அது எழுதப்படவே இல்லை! ஒவ்வொரு பெயரும் எழுதப்படாமல் விடுவதில் முதலாளிக்கு லாபம் இருக்கிறது. அந்த லாபத்துக்காகத்தான் நம் தாய்மார்கள் வாசலில் நின்று துடிக்கிறார்கள். பிறகு, பெயரில்லாத தொழிலாளி செத்தால், அவர் அங்கே வேலை செய்தார் என்பதை நிரூபித்து நஷ்டஈடு கேட்கும் பாரமும் விதவை தலையில்தான் விழுகிறது.

மில் தொழிலாளிக்கு மஸ்டர் ரோல் என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. சங்கம் கட்டிப் போராடி அதில் பெயரை ஏற்றியவர்கள் அவர்கள். நூறு நாள் வேலைக்குப் போன விவசாயத் தொழிலாளி, கண்மாயில் மண் வெட்டுவதற்கே மஸ்டர் ரோலில் தம் பெயர் வந்ததா என்று பார்த்திருக்கிறார். மண்ணைத் தொடுகிறவருக்குப் பெயர் உண்டு. வெடிமருந்தைத் தொடுகிறவருக்குப் பெயர் இல்லையா?

"செத்தவனுக்குப் பட்டியல் எதற்கு? விபத்தைத் தடுக்க வழி சொல்லுங்கள்" என்று கேட்கலாம். பட்டியலே தடுப்பதற்கு முதல் வழி என்கிறோம். அறை எண்ணோடு நான்கு பெயர் வாசலில் தொங்கினால், ஐந்தாவது ஆளை உள்ளே தள்ளுவது எல்லார் கண்ணிலும் படும். லைசென்ஸ் இல்லாத நாளில் பட்டியல் தொங்கினால் அதுவே சாட்சி.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டோம், வேலை போய்விடும் என்று பயந்து நாமும் பெயரைக் கேட்பதில்லை. வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்யும் தொழிலாளியின் பெயர் என்ன, ஊர் எது என்று நாமும் விசாரிப்பதில்லை. அவருக்காக வாசலில் வந்து நிற்க இங்கே தாயும் இல்லை. அவருக்காக நிற்க வேண்டியது நாம்தான்.

நாம் கோருவது

ஒவ்வொரு பட்டாசு ஆபீஸ் வாசலிலும், வேலை துவங்குமுன், அன்று உள்ளே போனவர் பெயரும் அறை எண்ணும் தமிழில் எழுதித் தொங்க வேண்டும். அதன் நகல் ஒன்று ஆபீஸுக்கு வெளியே, ஊராட்சியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ, அன்றன்று போய்ச் சேர வேண்டும். விபத்து நடந்த ஒரு மணி நேரத்துக்குள் பொறுப்பான அதிகாரி பெயர்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும்; யாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று சொல்ல வேண்டும். காத்திருக்கும் குடும்பங்களுக்கு நிழலும் தண்ணீரும் வண்டியும் தர வேண்டும். பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்கக் கூடாது. பெயர் எழுதாத குற்றம் முதலாளியுடையது. உள்குத்தகைக்கு விட்ட லைசென்ஸை ரத்துச் செய்ய வேண்டும். விசாரணையில் தொழிற்சங்கப் பிரதிநிதி உட்கார வேண்டும்.

பெயரேடு வைக்க வேண்டும் என்பது புதுக் கோரிக்கையல்ல. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டமும் 1952ஆம் வருஷச் சுரங்கச் சட்டமும் அதைச் சொல்லின. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. பழைய சட்டம் போயிற்று என்று சொல்லிப் பெயரேட்டையும் தூக்கிப் போட நாம் இடம் கொடுக்கக் கூடாது.

தோழர்களே! ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு லட்சக்கணக்கான ஜனங்கள் நடந்து வருகிறார்கள். கூட்டத்தில் ஒரு குழந்தை தவறிப் போனால் ஒலிபெருக்கியில் பேர் சொல்லி, ஊர் சொல்லி அழைத்து, தாய் கையில் சேர்த்துவிட்டுத்தான் ஓய்கிறோம். அத்தனை பெரிய கூட்டத்தில் ஒரு குழந்தையின் பெயரைக் காப்பாற்றத் தெரிந்த நமக்கு, நாலு சுவருக்குள் வேலை செய்யும் நாற்பது பேரின் பெயரைக் காப்பாற்ற முடியாதா?

நாளைக் காலை வேன் ஏறும்போதே கேளுங்கள்: "எங்கள் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?" ஒருத்தி கேட்டால் வேலையை விட்டு நிறுத்துவார்கள். வேனில் உள்ள அத்தனை பேரும் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும்!