அடைத்துவிட்டால் ஆயிற்றா?

ஜிஎஸ்டி நால்வழிச் சாலையின் சென்டர் மீடியனில் கிராமத்தார் திரும்புவதற்கென இருந்த இடைவெளிகளை ஒவ்வொன்றாகக் கான்கிரீட் தடுப்பு வைத்து அடைப்பதுதான் விபத்தைக் குறைக்கும் வழி என்று நெடுஞ்சாலைக்காரர்கள் முடிவெடுத்திருக்கிறார்கள். அடைத்த இடத்தில் ஒளிரும் பட்டை ஒட்டிய டிரம் இரண்டு, 'யு-டர்ன் முன்னால்' என்று பலகை ஒன்று, எதிர்த்திசையில் வந்தால் வழக்கு என்று எச்சரிக்கை ஒன்று. அத்தோடு கோப்பு முடிந்தது. இந்த முடிவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவராவது இரவு எட்டு மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து உத்திரமேரூர் பக்கம் மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து பார்த்திருப்பாரா என்பதுதான் நமது முதல் சந்தேகம்.

உத்திரமேரூர்க்காரர்களுக்குப் போகிற வழியில் தொல்லை இல்லை. நெல்வாய் தாண்டி, புக்கத்துறை கூட்ரோட்டில் ஜிஎஸ்டி சாலையைத் தொட்டு, இடப்பக்கம் திரும்பினால் சென்னைப் பாதை. வருவதில்தான் கண்டம். செங்கல்பட்டு பக்கமிருந்து வருகிறவர் வேகமாகப் பாயும் வலது தடத்துக்கு ஒதுங்கி, வேகத்தைக் குறைத்து, மீடியன் இடைவெளியில் நின்று, திண்டிவனம் பக்கமிருந்து சென்னை நோக்கி விரையும் ஆம்னி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் குறுக்கே கடந்தாக வேண்டும். மகேந்திரா சிட்டியில் ஷிப்ட் முடிந்து வரும் பையன்களும், படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பும் டிராக்டர்களும், நமது தாலுகா கல்குவாரிகளின் டிப்பர்களும் திரும்புவதும் இந்த மாதிரி இடைவெளிகளை நம்பித்தான். இப்படிப்பட்ட ஓரிடத்தை அடைக்கும்போது, அங்கே திரும்பிக்கொண்டிருந்தவர் இனி எப்படி வீடு போவார் என்று ஒரு வரி யோசிக்க வேண்டாமா?

நான்குவழிச் சாலைகளுக்கான இந்திய சாலைகள் காங்கிரஸின் கையேடு, சர்வீஸ் ரோடு இல்லாத இடங்களில் இரண்டு மீடியன் இடைவெளிகளுக்கு நடுவே குறைந்தது 2 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. அடைக்கும்போது இந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். திரும்புவதற்காக ஒதுங்கும் வண்டி நிற்க மீடியனை ஒட்டிக் கூடுதலாக ஒரு தடம் வேண்டும் என்றும் அதே கையேடு சொல்கிறது. அந்த வரி மட்டும் கண்ணில் படுவதில்லை. கூடுதல் தடம் போடப் பணமும் நிலமும் தேவை. அடைப்பதற்கு ஒரு கிரேனும் ஒரு மதியப் பொழுதும் போதும்.

விளைவு என்ன? வீட்டுக்குப் போகும் சாலை எதிர்ப்பக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. முறைப்படி போனால் இரண்டு கிலோமீட்டர் முன்னே போய், திரும்பி, இரண்டு கிலோமீட்டர் பின்னே வர வேண்டும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் விற்கும் நாளில், பின்னால் மனைவியும் முன்னால் பிள்ளையுமாக வருகிறவர் என்ன செய்வார்? அடைத்த இடத்துக்கு முன்பே கிடைக்கும் சந்தில் மறுபக்கம் இறங்கி, சாலை ஓரமாகவே எதிர்த்திசையில் முந்நூறு மீட்டர் ஓட்டுவார். செய்யக் கூடாதுதான். செய்கிறார்கள். குறுக்கே கடக்கும் ஆபத்து ஒரே இடத்தில் இருந்தது. எல்லா ஓட்டுநருக்கும் அந்த இடம் பழகியிருந்தது. இப்போது அது முந்நூறு மீட்டர் நீளத்துக்கு, விளக்கில்லாத ஓரத்தில், எதிரே வருகிறது. நடந்து போகிறவர்கள் அரளிச் செடிகளை ஒதுக்கிக்கொண்டு மீடியனில் ஏறிக் குதிக்கிறார்கள். அவர்களில் பள்ளிச் சீருடை அணிந்தவர்களும் உண்டு. அடைத்தவர்களின் கணக்கில் அந்த இடைவெளியில் இனி விபத்தே இருக்காது, உண்மைதான். பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் நடப்பது வேறு கணக்கில் ஏறிவிடும். ஐநூறு மீட்டருக்குள் மூன்று ஆண்டுகளில் ஐந்து மோசமான விபத்துகளோ பத்து உயிரிழப்புகளோ நடந்தால்தான் அதைக் கரும்புள்ளி என்று சேர்க்கிறார்கள். விபத்துகள் சாலை நீளத்துக்குச் சிதறிப் போனால் புள்ளி எங்கே விழும்?

கேட்டால், ஓட்டுநர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்கிறார்கள். ஓட்டுநர்களுக்காக வாதாட நாம் வரவில்லை. இடைவெளியில் திரும்பத் தெரியாமல் திரும்புகிறவர்கள் ஏராளம். கடைசி நொடியில் இண்டிகேட்டர் போட்டு வலப்பக்கம் வெட்டுகிறவரைப் பின்னால் வரும் பஸ் எப்படித் தவிர்க்கும்? திரும்ப நினைப்பவர் அரை கிலோமீட்டருக்கு முன்பே கண்ணாடி பார்த்து, சைகை காட்டி, வலது தடத்துக்கு வந்துவிட வேண்டும். இடைவெளியில் நிற்கும்போது ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்க வேண்டும்; முன்கூட்டியே வலப்பக்கம் ஒடித்து வைத்தால், பின்னாலிருந்து ஒரு இடி விழுந்ததும் வண்டி எதிர்ச்சாலைக்குள் போய் நிற்கும். இடைவெளியில் நிற்கும் லாரிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டியைச் சொருகினால் மறைவில் நிற்பவருக்கு எதிரே வருவது தெரியாது. முதல் தடத்தில் வரும் லாரி மெதுவாகி வழி விடுகிறது என்று புறப்பட்டு, அதன் மறைவில் இரண்டாவது தடத்தில் வந்த காரில் அடிபட்டவர்கள் எத்தனையோ பேர். யு-டர்ன் எடுத்து முடித்தவர் நிற்பது மறுபக்கத்தின் வேகத் தடத்தில். அங்கேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் உருளாமல், பின்னால் பார்த்து இடப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

எல்லாம் சரி. இப்படி ஓட்டுவதற்கு இடம் எங்கே வைத்திருக்கிறார்கள்? பல இடங்களில் மீடியனின் அகலம் நான்கு, நான்கரை மீட்டர். ஒரு சின்னக் கார் அதில் அடங்கும். டிராக்டரும் டிரெய்லரும் அடங்காது. முன்பக்கம் ஒரு சாலையிலும் வால் இன்னொரு சாலையிலும் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட வண்டி இரண்டு பக்கமும் காலியாக இருக்கும்போது ஒரே மூச்சில் கடக்க வேண்டும். பாரம் ஏற்றிய டிராக்டர் தன் முழு நீளத்தையும் எதிர்ச்சாலையின் இரண்டு தடங்களைத் தாண்டி இழுத்துச் செல்ல எட்டு ஒன்பது நொடி பிடிக்கும். மணிக்கு நூறு கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. அந்த ஒன்பது நொடியில் கால் கிலோமீட்டர். இருட்டில், கால் கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் விளக்கு கார் விளக்கா பைக் விளக்கா, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று டிராக்டர் ஓட்டுகிறவர் கணிக்க வேண்டுமாம். பிரிக்கப்பட்ட நால்வழிச் சாலையில் கார்கள் நூறு வரை போகலாம் என்று 2018-ல் அறிவித்தது மத்திய அரசு. அந்த அறிவிப்பை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஜிஎஸ்டி சாலையில் பறப்பவர்கள் அறிவிப்பை மட்டும்தான் படித்தார்கள் போலிருக்கிறது.

2023-ல் தமிழ்நாட்டில் 67,213 சாலை விபத்துகள் நடந்தன; நாட்டிலேயே நமக்குத்தான் முதலிடம். செத்தவர்கள் 18,347 பேர். நாட்டின் சாலை நீளத்தில் இரண்டு சதவீதம்தான் தேசிய நெடுஞ்சாலை. உயிரிழப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில்தான். இந்த எண்களை வைத்துக்கொண்டு கான்கிரீட் தடுப்பு வாங்க டெண்டர் விடுகிறவர்களைப் பற்றி வேறென்ன சொல்வது?

இவர்கள் நமக்குப் புதியவர்களும் அல்லர். காஞ்சிபுரத்தின் வடக்கே ஓடும் பெங்களூரு சாலையை நினைத்துப் பார்க்கலாம். ஆறுவழி ஆக்குகிறோம் என்று கிளறிப் போட்டு, குண்டும் குழியுமாக விட்டு, கட்டணத்தை மட்டும் ஒரு பைசா குறையாமல் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, மதுரவாயல் முதல் வாலாஜாபேட்டை வரையிலான சாலையைச் சரிசெய்யும் வரை பாதிக் கட்டணம்தான் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. குழியை மூடச் சொல்லவும் நீதிபதிகள்தான் வர வேண்டியிருந்தது.

ஜிஎஸ்டி சாலையிலேயே உள்ள பரனூர் சுங்கச்சாவடியின் கதை இன்னும் ருசியானது. அங்கே ஒரு காலகட்டத்தில் கடந்த வாகனங்களில் பாதிக்கு மேல் கட்டண விலக்குப் பெற்றவை என்று கணக்குக் காட்டியிருந்ததை 2023-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அம்பலப்படுத்தியது. அத்தனை வி.ஐ.பி.க்கள் நம் சாலையில் போய்வருவது நமக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் அவர்களில் ஒருவரையாவது நிறுத்தி, இந்த இடைவெளியில் ஒருமுறை திரும்பிக் காட்டச் சொல்லியிருக்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில், பத்தாம் நூற்றாண்டிலேயே, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர் என்று வெட்டி வைத்தார்கள். இன்றைக்குக் கணக்குக் காட்டாதவர்களுக்கு அடுத்த டெண்டர் கிடைக்கிறது.

இதில் இன்னொரு கூத்து, 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. உத்திரமேரூர் காஞ்சிபுரத்தில் தங்கிவிட்டது. புக்கத்துறையும் படாளமும் அந்தப் பக்கம் போய்விட்டன. அடிபடுகிறவர் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர், அடிபடும் சாலை செங்கல்பட்டு மாவட்டத்தில், சாலைக்குச் சொந்தக்காரர் டெல்லியில். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் எந்த ஆட்சியரிடம் மனு கொடுப்பது? மாநில நெடுஞ்சாலைக்காரர் தேசியத்தைக் காட்டுவார், தேசியக்காரர் காவல்துறையைக் காட்டுவார், காவல்துறையினர் ஹெல்மெட் போடாதவரைப் பிடிப்பார்கள்.

அடைத்ததை அப்படியே பிடுங்கி எறிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சில இடைவெளிகள் உண்மையிலேயே கொலைக்களம்தான். அவை மூடப்பட வேண்டியவையே. ஆனால் மாற்றுவழி திறந்த பிறகு மூட வேண்டும். ஓரிடத்தில் சர்வீஸ் ரோடா, சுரங்கப்பாதையா, ஒதுங்கி நிற்கத் தடத்தோடும் விளக்கோடும் ஒழுங்கான யு-டர்னா, எது பொருந்தும் என்பதைப் படித்தவர்கள் சொல்லட்டும்; அதற்குத்தான் சம்பளம். அந்தந்த ஊர்க்காரர்களையும், தினமும் அங்கே பஸ் ஓட்டுகிறவர்களையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். இரண்டு மாவட்ட ஆட்சியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உடனடியாக ஆவன செய்ய வேண்டும். அதுவரை, மாற்றுவழி கொடுக்காமல் அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் எதிர்த்திசை விபத்தில் போகும் ஒவ்வொரு உயிருக்கும், அந்த முடிவில் கையெழுத்திட்டவர்களே பொறுப்பு.