முதல் முந்நூறு கிலோமீட்டர்
சென்னையிலிருந்து பாரீசுக்கு வான்வழித் தொலைவு சுமார் 8,000 கி.மீ.; நிற்காமல் பறந்தால் பத்து மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் என்கிறது பயணக் கணக்கு. முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்தக் கணக்கு போதாது. 1962இல் நடைமுறைக்கு வந்த இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தத்தின் வழியே பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்த குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுடைய பாரீஸ் பயணம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. சென்னை விமான நிலையம்வரை ஏறக்குறைய 300 கி.மீ. சாலைக்கே ஆறேழு மணி நேரம் போய்விடுகிறது. திருச்சி விமான நிலையம் பக்கம்தானே என்பார்கள். சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அது சரி, ஐரோப்பாவுக்கு அங்கிருந்து நேரடி விமானம் இல்லை. காரைக்காலிலேயே விமான நிலையம் கட்டினாலோ, இவ்வளவு சிறிய ஊரை நம்பிப் பெரிய விமானங்கள் வரமாட்டா. ஆகவே நாம் கேட்க வேண்டியது நல்ல சாலையும், விமான நேரத்துக்கு ஒத்துவரும் ரயிலும்தான். வெளிநாட்டுப் பயணத்தின் நீளத்தைக் குறைக்கும் வேலை இந்த முந்நூறு கிலோமீட்டரில்தான் மிச்சமிருக்கிறது.