யார் வீட்டில் தங்கினீர்கள்?

சிங்கப்பூர் வந்துபோகும் தமிழ் எழுத்தாளர்களின் பயணக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வருகிறது: ஓட்டலைத் தவிர்த்து உள்ளூர் மக்களோடு தங்கினேன். இப்போது இளைஞர்களும் கிளம்பிவிட்டார்கள். கோலாலம்பூரில் விமானம் இறங்கி, பஸ்ஸில் ஜொகூர் பாலம் தாண்டி, நண்பரின் நண்பர் வீட்டில் மூன்று நாள். பஸ்ஸில் வருவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். எனக்குச் சண்டை அந்த ‘உள்ளூர் மக்கள்’ என்ற சொல்லோடுதான்.

லார்கினிலிருந்து வரும் 170ஆம் எண் பஸ் நல்ல ஆசான். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்கி, வரிசையில் நின்று, வெளியே வந்து அடுத்த 170-ஐப் பிடிக்க வேண்டும். நீங்கள் வந்த பஸ் உங்களுக்காக நிற்காது. பக்கத்தில் நிற்பவர் தினமும் எல்லை தாண்டி வேலைக்கு வரும் மலேசியத் தமிழராக இருக்கலாம். சாங்கி விமான நிலையத்தின் செயற்கை அருவியில் இதெல்லாம் கிடைக்காது. புக்கிட் தீமா சாலை வழியாக வந்து குவீன் ஸ்திரீட்டில் இறக்கிவிடுவார்கள். தேக்கா நடைதூரம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தேக்காவில் இறங்கியதும் நம்மாளுக்குச் சொந்த ஊர் வந்துவிட்ட நினைப்பு. பூக்கடை, வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபா. ‘சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வு’ என்று நான்கு பத்தி. சார், சிங்கப்பூர்த் தமிழர் பெரும்பாலோர் அங்கே வாழவில்லை. வாங்கப் போகிறார்கள், கும்பிடப் போகிறார்கள், சாப்பிடப் போகிறார்கள். வாழ்வது ஈசூனில், உட்லண்ட்ஸில், ஜூரோங்கில், செங்காங்கில். 1989-ல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே வீவக பேட்டைகளில் தமிழர் தெரு என்று ஒன்று உருவாகவே முடியாது. அது நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை. ஆனால் லிட்டில் இந்தியாவைப் பார்த்து இந்த ஊர்த் தமிழரைப் பற்றி எழுதுவது, தி.நகர் ரங்கநாதன் தெருவைப் பார்த்துச் சென்னைக் குடும்பங்களைப் பற்றி எழுதுவதுபோல.

சரி, ‘தங்கினேன்’ என்பதற்கு வருவோம். இங்கே வீவக வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டால் குறைந்தது ஆறு மாதம் விட வேண்டும். தனியார் வீடென்றால் மூன்று மாதம். சுற்றுலாப் பயணிக்கு மூன்று நாள் வீட்டை விடுவது குற்றம். எனவே நீங்கள் காசில்லாத விருந்தாளியாக மட்டுமே வர முடியும். விருந்தாளியைக் கூப்பிடச் சொந்தக் கூரை வேண்டும். அதனால்தான் எல்லாப் பயணக் கட்டுரையிலும் விருந்தோம்புபவர் ஐ.டி.க்காரர் அல்லது ஆசிரியர். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் நாங்கள் மட்டும் ‘மக்கள்’ இல்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து வந்து பத்து வருஷமாகக் கட்டடம் கட்டுகிறவரை யாரும் உள்ளூர்க்காரர் என்று எழுதுவதில்லை. அவர் உங்களைக் கூப்பிட முடியாது. விடுதியில் வெளியாள் தங்க அனுமதியில்லை. நீங்கள் ஆசைப்பட்டு ஏறிய பஸ் அவருக்கு இல்லை. பலர் இன்னும் லோரியின் பின்புறத்தில்தான் வேலைக்குப் போகிறார்கள். எத்தனை பேர் ஏற்றலாம் என்று வண்டியிலேயே எழுதியிருக்கும். சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றக் கூடாது என்பது பொது விதி, தொழிலாளிகளுக்கு மட்டும் விலக்கு.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில், தேக்காவிலிருந்து தொழிலாளர்களை விடுதிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் தனியார் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தார் சக்திவேல் குமாரவேலு. வயது 33. தொடர்ந்த கலவரம் இந்த ஊர் 40 ஆண்டுகளுக்குமேல் காணாதது. பிறகு 2015-ல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம். லிட்டில் இந்தியாவில் வாரயிறுதி முழுக்கப் பொது இடத்தில் குடிக்கத் தடை. கொரோனாவுக்குப் பின், 2022-ல்கூட, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா வர விடுதித் தொழிலாளி முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அன்று சுற்றுலா விசாவில் வந்தவர் சீட்டு எதுவும் இல்லாமல் அதே தெருவில் பொடிநடையாகப் போய் வடை தின்றார். உங்கள் ‘துப்புரவான, ஒழுங்கான நகரம்’ பத்தியில் இது எங்கே, ஐயா?

வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் விருந்தாளி வந்தால் பணிப்பெண்ணின் பாய் கூடத்துக்கு மாறும். விருந்தாளிக்கு அவருடைய அறை. காலையில் இட்லி ஊற்றுவதும் அவர்தான். மியன்மார்க்காரர், சாம்பார் எங்களைவிட நன்றாக வைப்பார். அங்கே தங்கிப்போனவர் எழுதிய கட்டுரையில் நண்பரின் மனைவியின் கைமணத்துக்கு ஒரு பத்தி இருந்தது. அறையைக் கொடுத்தவர் ஒரு வரியில்கூட இல்லை. வேலையின் தன்மையே அப்படித்தான் என்பார்கள். பணிப்பெண்களுக்கு மாதம் ஒரு நாளாவது காசாக மாற்ற முடியாத விடுப்பு தர வேண்டும் என்ற விதியே 2023-ல்தான் வந்தது.

அதற்காகத் தொழிலாளியின் கண்ணீரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்கவில்லை. அந்த வியாபாரமும் நிறைய நடக்கிறது. 2014-ல் வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி இங்கே தொடங்கியது. அவர்களே எழுதுகிறார்கள், தமிழிலும். தேடி வாசித்துவிட்டு வாருங்கள். வந்தபின் எந்தப் புளோக்கில், யாருடைய அறையில் படுத்தேன், யார் சமைத்தார் என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

குடிநுழைவு மின்னட்டையில் தங்கும் முகவரி கேட்பார்கள். என் முகவரி தருகிறேன். சோபாதான் இருக்கிறது, கொஞ்சம் குட்டை.