பச்சை எலும்பும் விசர்க் கதையும்

"பச்சை இறைச்சி குடுத்தா நாய்க்கு விசர் பிடிக்கும்." எங்கட ஊர்களில் இதைக் கேட்காத ஆக்கள் குறைவு. சொல்லிவிட்டு என்ன செய்கிறோம்? கோழிக்கறியில் சப்பித் துப்பிய எலும்பை, வெங்காயக் குழம்போடு வழித்துக் கொட்டுகிறோம்.

விசர் ஒரு வைரஸ். விசர் பிடித்த மிருகத்தின் எச்சிலால், பெரும்பாலும் கடியால் தொற்றுவது. அதைத் தடுப்பது ஊசி, இறைச்சியை அவிப்பதல்ல. உண்மையான ஆபத்து நாங்கள் போடும் அந்தக் கறி எலும்பில்தான். சமைத்த எலும்பு கூராகப் பிளக்கும், தொண்டையில் சிக்கும், குடலைக் கிழிக்கும். வெங்காயம் நாயின் செங்குழியங்களை உடைக்கும்.

இறைச்சி ஒட்டிய பச்சை எலும்பு வேறு. நாய் அதைக் கடித்து இழுத்துத் தின்னும்போது பல்லில் படிந்த ஊத்தை கழரும். மிருக வைத்தியர் ரொம் லொன்ஸ்டேல் 2001இல் இதற்காக ஒரு புத்தகமே எழுதி, பக்கெட் தீன் கொம்பனிகளோடு மல்லுக்கட்டினார்.

அதற்காக, "நாய் ஓநாய்தானே, சோறே கூடாது" என்ற கூத்தையும் நாங்கள் ஏற்கமாட்டோம். மனிதரோடு வாழ்ந்து மாப்பொருளைச் சமிக்கப் பழகிய பிராணி அது. பச்சை இறைச்சியில் சல்மொனெல்லாவும் இருக்கலாம். புதிதாக வாங்குங்கோ, கையைக் கழுவுங்கோ, தின்னும்போது பக்கத்தில் நில்லுங்கோ. மாட்டின் கால் எலும்பு வேண்டாம், பல் உடையும்.

நாய்க்குப் போடுவது புண்ணியக் கணக்குமில்லை, குப்பைக் கூடையுமில்லை. அது ஒரு உயிரின் சாப்பாடு. முதலில் ஊசியைப் போடுங்கோ. கறிச்சட்டி எலும்பை நிறுத்துங்கோ. பிறகு விசரைப் பற்றிக் கதைப்போம்.