படம் பேசாத வலி

கொற்கைப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டும் வாழைத்தார் சுமந்தும் வாழ்பவர்களுக்கு மூட்டு வலி புதிதன்று. புதிதாக வந்திருப்பவை தூத்துக்குடியிலோ பாளையங்கோட்டையிலோ எடுத்து வரும் ஸ்கேன் படமும் அதனோடு வரும் ஆங்கில அறிக்கையும்தாம். தமிழ் கற்பிக்கும் நம்மிடமும் "கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க சார்" என்று அவற்றை நீட்டுகிறார்கள். மருத்துவம் நாம் அறியோம். ஆயினும் ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்பது குறித்துச் சொல்ல நமக்குச் சில உண்டு.

அகப்பாடலை யார் கூற்று என்றறியாமல் வாசித்தால் பொருள் பிறழும். ஸ்கேன் அறிக்கையும் கூற்று நீங்கிய பாடலே. 'ஜவ்வு கிழிந்துள்ளது', 'தேய்மானம் உள்ளது' என்று அது சொல்லும். வலி எப்போது தொடங்கியது, எந்த வேலையில் மிகுகிறது என்பதைச் சொல்லாது.

அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. வழி ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டனர். ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இல்லை. ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் வலியின் காரணமாகிவிடாது. அதை மட்டும் நம்பி அறுவைக்கு நிலத்தை ஒத்தி வைப்பது எத்தனை பெரிய இழப்பு!

மறுபுறமும் உண்டு. 2006இல் தமிழகமெங்கும் சிக்குன்குனியா பரவியபோது பலர் மாதக்கணக்கில் மூட்டு வலியால் முடங்கினர். அந்நோயில் எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். 'படத்தில் ஒன்றுமில்லை' என்னும் சொல் வீடு வந்து சேர்வதற்குள் 'வலியே பொய்' என்று திரிந்துவிடுகிறது. பெண்களின் வலிக்கே இத்தீர்ப்பு விரைந்து கிடைப்பதை நாம் கண்டு வருகிறோம்.

கொற்கையையே எண்ணிப் பாருங்கள். கடல் பல கிலோமீட்டர் விலகிப்போன இவ்வூரைப் படமெடுத்தால் வயலும் வாழையுமே தெரியும். இது பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்றறியப் பழம்பாடலையும் அகழாய்வையும் சேர்த்து வாசிக்க வேண்டியிருந்தது. உடலுக்கும் அதுவே நெறி.

அறிக்கையின் இறுதியில் 'நோயாளியின் அறிகுறிகளோடு ஒப்பிட்டுக் காண்க' என்னும் பொருளில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். யாரும் வாசிக்காத அவ்வரியே முதன்மையானது. வலி தொடங்கிய நாள், காலை இறுக்கம் நீடிக்கும் நேரம், வீக்கம், காய்ச்சல், உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்தால் தவறாமல் சொல்லுங்கள். அது வாத நோயின் குறியாகலாம். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து வீங்கினால் அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.

மருத்துவ உலகிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அறிக்கையின் கீழ் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். தன் உடலைப் பற்றிய பிரதியைத் தன் மொழியில் வாசிப்பது சலுகையன்று, உரிமை.