உண்டியலில் காசு போட சாவி எதற்கு?

என் அப்பா 40 வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். மாசக் கடைசியில் ஐந்து பைசா இடித்தால்கூட, அதைக் கண்டுபிடிக்காமல் ராத்திரி சாப்பிட உட்கார மாட்டார். அப்படிப்பட்டவரிடமிருந்து போனில் பேசிய ஒரு பையன் 8,000 ரூபாயைக் கறந்துவிட்டான். அதுவும் பத்தே நிமிஷத்தில்!

வீட்டிலிருந்த பழைய தையல் மெஷினை விற்கலாம் என்று விளம்பரம் கொடுத்திருந்தார் அப்பா. போன் வந்தது. "சார், மெஷின் எனக்குப் பிடிச்சிருக்கு. 4,000 ரூபா அட்வான்ஸ் அனுப்பறேன். வாட்ஸ்அப்ல ஒரு கட்டம் வரும். அதை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரை மட்டும் போடுங்க. பணம் வந்து விழுந்துடும்" என்றது மரியாதையான ஒரு குரல். அம்மாவின் போனுக்கு வந்த கட்டத்தை அப்பா தன் போனால் ஸ்கேன் செய்து, பின் நம்பரைப் போட்டார்.

பணம் வந்து விழவில்லை... போய் விழுந்தது!

"அடடா, தப்பாயிடுச்சே சார்! இன்னொரு தடவை போடுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்" என்றான். இரண்டாவது 4,000 ரூபாயும் போச்சு.

இதை அப்பா இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா மூலமாக எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பின் நம்பரை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு!"

அப்பா மெதுவாகச் சொன்னார்: "நான் யார்கிட்டயும் சொல்லலையேம்மா... நானேதானே போட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். நான் சொன்ன புத்திமதியை அவர் மீறவே இல்லை. "எந்த பட்டனை அமுக்கணும், எதைச் சொல்லக் கூடாது" என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தேனே தவிர, 'பின்' என்றால் என்ன, அதை எதற்குப் போடுகிறோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்கப்புறம் அப்பா போனைத் தொடவில்லை. சாயங்கால நடை நின்றது. ராத்திரி இரண்டு மணிக்கு ஈஸி சேரில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த மாதம் பிரஷர் பார்த்த டாக்டர், "என்ன சார், வீட்ல ஏதாவது கவலையா?" என்று கேட்டார். போன பணத்தைவிட, 'நமக்கு வயசாயிடுச்சு, இனிமே நாம ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்புதான் அவரை அரித்தது. அதை அவர் மனசில் போட்டது அந்தத் திருடன் மட்டுமில்லை. நானும்தான்.

அதனால்தான் சொல்கிறேன்... ஏமாந்தவர்களைக் குறை சொல்வதற்கு முன், நாம் அவர்களுக்குப் புரியும்படி சொன்னோமா என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. ஏ.டி.எம். மெஷினை உருவாக்கியவர்களில் ஒருவர் ஜான் ஷெப்பர்ட்-பேரன். பிரிட்டிஷ்காரர்தான், ஆனால் 1925-ல் பிறந்தது நம் ஷில்லாங்கில்! அவருடைய மெஷின் 1967 ஜூன் 27-ம் தேதி வடக்கு லண்டனில் உள்ள என்ஃபீல்டில், ஒரு பார்க்லேஸ் வங்கிக் கிளையில் முதன்முதலாக வைக்கப்பட்டது. ரகசிய நம்பருக்கு முதலில் ஆறு இலக்கம் வைக்கத்தான் நினைத்தாராம். சமையலறை மேஜையில் உட்கார்ந்து மனைவி கரோலினிடம் கேட்டபோது, "என்னால் நாலுதான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும்" என்றிருக்கிறார் அவர். அதனால் நாலு இலக்கம் ஆயிற்று. ஷெப்பர்ட்-பேரனே 2007-ல் ஒரு பேட்டியில் சொன்ன விஷயம் இது.

கவனித்தீர்களா? ஒரு குடும்பத் தலைவியின் ஞாபக சக்திக்கு ஏற்ற மாதிரி மெஷினைக் குறைத்தார்கள். 'உனக்கு மூளை போதாது' என்று அந்த அம்மாவைத் திட்டவில்லை!

நானும் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே ஆரம்பித்தேன்.

"அப்பா, பேங்க்ல உங்க கணக்குல வேற யாராவது பணம் கட்டணும்னா, உங்க கையெழுத்து வேணுமா?"

"எதுக்கு? சலான்ல என் கணக்கு நம்பரை எழுதிக் கட்டிட்டுப் போகலாமே."

"பணம் எடுக்கணும்னா?"

"வித்டிராயல் ஸ்லிப்புல நான் கையெழுத்துப் போடணும்."

"அந்தக் கையெழுத்துதாம்ப்பா பின் நம்பர்."

அப்பா ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். "அப்போ அன்னிக்கு நான் ரெண்டு வித்டிராயல் ஸ்லிப்புல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன்! இதை முதல்லயே இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "அதானே! உண்டியல்ல காசு போட சாவி எதுக்குடி? எடுக்கத்தானே சாவி!"

இதைவிட எளிதாக யாரும் சொல்லிவிட முடியாது. 2016-ல் வந்த யு.பி.ஐ. முறையில், உங்கள் போன் நம்பரோ யு.பி.ஐ. முகவரியோ உண்டியலின் வாய். யார் வேண்டுமானாலும் அதில் பணம் போடலாம். பின் நம்பர் உண்டியலின் சாவி. பணம் கொடுக்கவும், இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும்தான் அது வேண்டும். பணம் வாங்குவதற்கு ஒருபோதும் வேண்டாம்.

அடுத்து, அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம். க்யூ.ஆர். கோடு என்று பெயர். 1994-ல் ஜப்பானில் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்வதற்காகக் கண்டுபிடித்தது. அதில் மாயம் ஒன்றுமில்லை. எழுத்துக்குப் பதிலாகக் கட்டங்களில் எழுதிய விலாசம், அவ்வளவுதான். மளிகைக் கடையில் ஒட்டியிருப்பது கடைக்காரரின் விலாசம். பணம் அனுப்பும் ஆப்பில் அதை ஸ்கேன் செய்தால், 'இந்த விலாசத்துக்கு நான் பணம் கொடுக்கப் போகிறேன்' என்று அர்த்தம். வாங்க வேண்டிய நாம் ஏன் ஸ்கேன் செய்ய வேண்டும்?

மூன்றாவது ஓ.டி.பி. இது தீக்குச்சி மாதிரி. ஒரு தடவைதான் பற்றும். சில நிமிஷங்களில் அதுவும் நமுத்துப் போகும். போனில் அதைக் கேட்கிறவன் விறகு அடுக்கி, எண்ணெய் ஊற்றி, எல்லாம் தயாராக வைத்திருக்கிறான். குச்சி மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது! அதனால் நம்பரை மட்டும் பார்க்காமல் கூட வரும் செய்தி முழுவதையும் படியுங்கள். எவ்வளவு தொகை, எதற்காக என்று பெரும்பாலும் அதிலேயே போட்டிருக்கும்.

இன்னொன்று. இந்த ஆசாமிகள் எல்லோரும் விற்கிற சரக்கு ஒன்றுதான்: அவசரம். "இப்பவே போடுங்க, உடனே சொல்லுங்க" என்பார்கள். பதற்றத்தில் நெஞ்சு படபடக்கும்போது நிதானமாக யோசிக்க வராது. அப்போது போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நிஜமான வங்கி அதற்குள் ஓடிவிடாது!

ஒருவேளை பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கை மாறி வெளியே போவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். நாங்கள் சொன்னபோது இரண்டு நாள் தாண்டியிருந்தது. எங்கள் பணம் வரவில்லை. நினைத்துப் பாருங்கள்... மகள் கத்துவாளே என்று பயந்துதான் அப்பா அந்த இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. 4,000 ரூபாயாவது மிஞ்சியிருக்கலாமோ என்னவோ. என் கோபத்தின் விலை அது.

வங்கிகளும் 'யாரிடமும் பகிராதீர்கள்' என்று ஒரே வரியை அனுப்பிக்கொண்டிருந்தால் போதாது. 'ஏன்' என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதியை மட்டும் சொன்னால், திருடன் விதியைச் சுற்றிக்கொண்டு வருவான். காரணம் புரிந்துவிட்டால், அவன் எந்த வேஷத்தில் வந்தாலும் அடையாளம் தெரியும்.

போன மாசம் அப்பாவுக்கு மறுபடி ஒரு போன். "சார், உங்களுக்கு ரீஃபண்ட் வந்திருக்கு, பின் நம்பர் போட்டா..." அப்பா முழுசாக முடிக்கக்கூட விடவில்லை.

"தம்பி, உண்டியல்ல காசு போட சாவி எதுக்குப்பா?"

போனை வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்பினார். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் அப்பா, அம்மா, மாமனார், மாமியாரோடு அரை மணி நேரம் உட்காருங்களேன். போனைக் கையில் வாங்கி 'நான் பண்ணித் தரேன்' என்று சொல்லாமல், அவர்கள் பாஷையில் அவர்களுக்குப் புரிகிற மாதிரி...