காளைக்குப் புண்ணாக்கு, அம்மாவுக்குச் சோறு

டிஸ்கி: நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. கிட்னியில் பிரச்சனை இருப்பவர்கள், ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளை காலையில் சாப்பாட்டைத் தலைகீழாக மாற்றிவிட வேண்டாம். உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மற்றவர்கள் சண்டைக்கு வரலாம் :-)

போன மாதம் எங்கள் ஊரில் சர்க்கரை முகாம் போட்டார்கள். அம்மாவையும் பக்கத்து வீட்டு அத்தையையும் வலுக்கட்டாயமாகக் கிளப்பி அனுப்பினேன். அத்தைக்குச் சர்க்கரை உறுதி. அம்மாவுக்கு மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 6.1. அதாவது சர்க்கரை இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறது. கிடைத்த அறிவுரை ஒரே வரி: "சோத்த விட்டுட்டு சப்பாத்தி சாப்பிடுங்கம்மா."

அன்று ராத்திரியே சப்பாத்தி. ஐந்து. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு மசால்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவை எடுத்துவிட்டு வேறு மாவை வைத்து, பக்கத்தில் இன்னொரு மாவையும் வைத்துவிட்டு 'சுகர் டயட்' என்று பெயர் சூட்டுகிறோம். தமிழ்நாட்டில் முக்கால்வாசி வீடுகளில் நடக்கும் கூத்து இதுதான். இதைவிடப் படித்த கூட்டம் வரகு, சாமை, தினை என்று கிளம்பியிருக்கிறது. வரகரிசிப் பொங்கல், சாமை பிரியாணி, தினை அல்வா. அல்வாவில் எந்த தானியம் இருந்தால் என்ன சாமி, அது அல்வாதானே?

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நூறு கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். கேழ்வரகு, வரகு, சாமையில் 65, 67 கிராம். நார்ச்சத்து கூடுதல், சத்துகள் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் 'சிறுதானியம்தானே' என்று ஒரு கரண்டி கூடப் போட்டால் கணக்கு சரியாகிவிட்டது. 2025 செப்டம்பரில் நேச்சர் மெடிசின் இதழில் ஐ.சி.எம்.ஆர்-இண்டியாப் ஆய்வுக் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. சென்னையில் இருக்கும் டாக்டர் மோகன், டாக்டர் அஞ்சனா குழுதான். இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து வெறும் 12. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ என்று மாற்றுவதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை, மொத்த மாவுச்சத்தையே குறைத்தால்தான் உண்டு என்கிறார்கள். மாவுச்சத்துக் கலோரியில் ஐந்து சதவீதத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் வகைப் புரதத்தை வைத்தால் அபாயம் குறைவாக இருக்கிறது. ஐந்தே ஐந்து சதவீதம். இதே குழு 2022-ல் டயாபடீஸ் கேர் இதழில் 18,090 பேர் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னது: புதிதாகச் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு அது தணிய வேண்டுமென்றால் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், புரதம் 19, 20-க்கு ஏற வேண்டும். இவை மக்களிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்துச் சொல்வதுதான், ஆளை உட்காரவைத்துச் சோறு போட்டுப் பார்த்த பரிசோதனை இல்லை. இருந்தாலும் இத்தனை பேர் தட்டைப் பார்த்துச் சொல்வதை, வாட்ஸப்பில் வரும் கருஞ்சீரகக் கஷாயத்தைவிட நம்பலாம்.

ஆக, அரிசியா கோதுமையா என்ற பட்டிமன்றமே தப்பு. தட்டில் குவியல் எவ்வளவு பெரிது, பக்கத்தில் பருப்பு எங்கே, முட்டை எங்கே? கேட்க வேண்டியது இது.

அம்மாவின் ஒரு நாளைக் கணக்குப் போட்டேன். காலை நாலு இட்லி, சுமார் 8 கிராம் புரதம். மதியம் வடித்த சோறு 400 கிராம் (அளந்தேன், முறைத்தார்), அதில் 10. சாம்பார் இரண்டு கரண்டி, ரசம், ஒரு பொரியல் எல்லாம் சேர்த்து 5. சாயந்திரம் டீயில் இருக்கும் பாலுக்கு 3. ராத்திரி மூன்று தோசைக்கு 9. மொத்தம் 35. ஐ.சி.எம்.ஆர் 2020-ல் சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அம்மா 55 கிலோ. 46 வேண்டும். அந்த 35-லும் பெரும்பகுதி அரிசியிலிருந்து வருவது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, அதை ஈடுகட்டுவது பருப்பு. இட்லிக்கு உளுந்து சேர்த்தவர் சும்மா சேர்க்கவில்லை. ஆனால் நாலுக்கு ஒன்று என்று இருந்த உளுந்து, விலை ஏறும்போதெல்லாம் ஐந்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று தேய்ந்துகொண்டே போகிறது. உங்கள் வீட்டு கிரைண்டரை எட்டிப் பாருங்கள்.

சாம்பாரில் பருப்பு இருக்கே என்பீர்கள். எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேட வலைதான் போட வேண்டும்.

இப்போது சொந்த மாவட்டத்துக்கு வருகிறேன். கோபமே இங்கேதான். ஆலங்குடிப் பக்கம் வம்பனில் இருப்பது தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம். வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று உளுந்து ரகங்கள் இங்கிருந்துதான் போகின்றன. எங்கள் மானாவாரிக் காட்டில் நிலக்கடலை விளைகிறது. நூறு கிராம் கடலையில் 23 கிராமுக்கு மேல் புரதம். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் மீன் இறங்குகிறது. முட்டை மாஸுக்கே பேர் போனது புதுக்கோட்டை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் தட்டில் போடுவது சோறும் புளிக்குழம்பும்.

கடலை எங்கே போகிறது? எண்ணெய்ச் செக்குக்கு. மிஞ்சும் புண்ணாக்கு? ஜல்லிக்கட்டுக் காளைக்கு. தமிழ்நாட்டிலேயே வாடிவாசல் அதிகம் உள்ள மாவட்டம் நம்முடையது, பெருமைதான். எண்ணெய் எடுத்தது போக மிஞ்சும் அந்தப் புண்ணாக்கில் நூற்றுக்கு நாற்பது பங்கு அளவுக்குப் புரதம். கூடவே பருத்திக்கொட்டை. காளைக்குத் திமில் ஏற என்ன போட வேண்டும் என்று நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். யாராவது காளைக்கு மூன்று வேளையும் வடித்த சோற்றைக் கொட்டி வாடிவாசலுக்கு அனுப்புவார்களா? அனுப்பினால் ஊரே சிரிக்கும். அம்மாவுக்கு அதையே போட்டுவிட்டு, 'ஏன்மா எப்பப் பாத்தாலும் அசதின்னு சொல்ற' என்று கேட்கிறோம்.

காளை எடுத்துக்காட்டு வேடிக்கைக்கு மட்டும் இல்லை. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்வது தசை. தசை குறைந்த உடம்பில் அது போக இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். ஒல்லியாக இருந்துகொண்டு தொப்பை மட்டும் போட்டிருக்கும் மாமாக்கள் எத்தனை பேர் நம் தெருவில்? ஒல்லியா இருக்காரே, அவருக்கு எப்படிச் சர்க்கரை என்று வியந்து என்ன பயன்?

'எங்க தாத்தா மூணு வேளையும் சோறு தின்னுட்டுத் தொண்ணூறு வயசு இருந்தாரு' என்று கிளாஸில் ஒருவன் வருவான். தாத்தா விடிவதற்குள் ஏர் கட்டினார், பதினைந்து மைல் நடந்தார். நீ பஸ் ஸ்டாண்டிலிருந்து காலேஜுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறாய். தாத்தா தின்றதில் கொள்ளும் தட்டப்பயறும் இருந்தன. கொள்ளு குதிரைக்கு என்று அதையும் நாம் விட்டுவிட்டோம். அப்புறம் நம்ம ஜிம் பார்ட்டிகள், டப்பா பவுடர் கோஷ்டி. தசையை ஏற்ற புரத பவுடர் வேண்டாம் என்று 2024 உணவு வழிகாட்டியில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்லிவிட்டது. அந்த டப்பா காசில் வீட்டுக்கே மாதம் முழுக்க முட்டை வாங்கலாம் தம்பிகளா.

அடுத்து ரேஷன். எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி, 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம் பருப்பு ஒரு கிலோ, 30 ரூபாய். இருபதுக்கு ஒன்று! இலவச அரிசியால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று உளறும் கூட்டத்தில் தயவுசெய்து என்னைச் சேர்க்காதீர்கள். அந்த அரிசி இல்லாமல் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பு எரியாது. அரிசியைக் குறை என்று கேட்கவில்லை, பருப்பைக் கூட்டு என்கிறேன். 2007-ல் சிறப்புத் திட்டமாகத் துவரையோடு உளுந்தும் ரேஷனில் கொடுத்தார்கள். 2017-ல் உளுந்து நின்றுபோனது. உளுந்து ரகம் கண்டுபிடிக்கும் மையம் இருக்கும் மாவட்டத்திலும் ரேஷன் கடையில் உளுந்து கிடையாது. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், அத்தைக்கு இனி அதுதான் கதி. ஆனால் மாத்திரை வீடு தேடி வரும்போது உளுந்து ரேஷன் கடை வரைக்காவது வரக்கூடாதா? தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் இண்டியாப் சொன்னது. இத்தனை பேருக்கு ஆயுசு முழுக்க மாத்திரை கொடுப்பதைவிட ஒரு கிலோ உளுந்து கட்டுப்படியாகாதா?

அரசாங்கத்துக்கு இது தெரியாமலும் இல்லை. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி 2010-ல் வாரம் ஐந்து முட்டை வரை வந்தார்கள். பத்தாம் வகுப்போடு அந்த முட்டையும் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு யாருக்கு முட்டை என்று முடிவு செய்வது வீட்டுச் சட்டி. அந்தச் சட்டியின் சட்டம் தெரியும்தானே? முதலில் அப்பா, அப்புறம் பையன், கடைசியில் அம்மாவுக்குக் குழம்பின் வண்டல். பருப்பு விலை, ரேஷன், ஆராய்ச்சி என்று இவ்வளவு நேரம் கத்தியதில் இந்த ஒன்றுக்கு மட்டும் அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. சாயந்திரம் டீக்கடையில் டீயும் வடையும் சாப்பிடும் காசில் இரண்டு முட்டை வரும். அந்தக் கணக்கை நானும் இத்தனை வருஷம் போட்டதில்லை.

நேற்று வீட்டில் முட்டைக் குழம்பு. நாலு முட்டை. அப்பாவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று. மிச்சம் ஒன்றை அம்மா கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தார். யாருக்கும்மா என்றேன். "காலையில காலேஜுக்குப் போறப்ப நீ சாப்பிடலாம்ல" என்றார். எடுத்து அவர் தட்டில் வைத்தேன், சோற்றில் ஒரு கரண்டியைத் திருப்பிச் சட்டியில் போட்டேன். திட்டிக்கொண்டேதான் சாப்பிட்டார்.